மாற்று எஞ்ஜினும் மறந்துபோன பிரீதர் குழாயும்

பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் பழைய எஞ்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, தன் வண்டியில் ஏற்றி ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். 970 சிசி எஞ்ஜினோடு வந்த பழைய ஜிப்ஸியின் பானெட்டைத் திறந்தால் உள்ளே எஸ்டீமின் 1298 சிசி எஞ்ஜின் உட்கார்ந்திருக்கும். (எஞ்ஜினை மாற்றினால் ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.) இந்த மாதிரி வண்டிகள் கேரேஜுக்கு வரும்போது இரண்டு புகார்கள் சேர்ந்தே வருவதைப் பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை என்பது ஒன்று. எஞ்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவர் ஓரமெல்லாம் எண்ணெய் கசிகிறது, ஏர் ஃபில்டர் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது என்பது இன்னொன்று.

முதல் புகாருக்குப் புது பேட்டரி, இரண்டாவதுக்குப் புது கேஸ்கட் என்று தனித்தனியாகச் செலவு ஆகும். கொஞ்ச நாளில் இரண்டு புகாரும் திரும்பி வரும். ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் பேட்டரியிலும் இல்லை, கேஸ்கட்டிலும் இல்லை. எஞ்ஜினை மாற்றும்போது கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்ட, பிரீதர் என்கிற ஒரு ரப்பர் குழாயில் (எஞ்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) இருக்கிறது. அல்லது பெயின்ட்டின் மேல் முறுக்கிய ஓர் எர்த் வயரில் (கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) இருக்கிறது.

முதலில் குழாயைப் பார்ப்போம்.

பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரை முழுமையாக அடைப்பதில்லை. ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டுமே. அதன் வழியாகவும், தேய்ந்த சிலிண்டர் என்றால் ரிங்கின் சுற்றிலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு கீழே, எஞ்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் நழுவுகிறது. இதை மெக்கானிக்குகள் புளோ-பை என்பார்கள். அதில் எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நீராவி இருக்கும். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் துளிப் பங்கு கீழே இறங்கினாலும் என்ஜின் ஆயிலுக்குக் கெடுதல்தான். அல்சூரிலிருந்து எம்.ஜி. ரோடு வரை போய்த் திரும்புகிற ஓட்டத்தில் ஆயில் நன்றாகச் சூடாவதற்கு முன்பே வண்டி நின்றுவிடும். நீராவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலக்கும். டிசம்பர் மாதக் காலையில் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருந்தால், அது இந்தத் தண்ணீர்தான். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றோட்டத்தை.

ஆரம்பகாலக் கார்களில் இந்த வாயுவை வெளியேற்ற ஒரே ஒரு குழாய்தான். எஞ்ஜினிலிருந்து கீழே தரையை நோக்கி இறங்கும். வண்டி ஓடும் வேகத்தில் அடியில் வீசும் காற்று அதை உறிஞ்சும். வண்டி நின்றால் உறிஞ்சலும் நின்றுவிடும். போதாததற்கு, அத்தனை பெட்ரோல் ஆவியும் ஊரின் காற்றில் கலந்தது. லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டம் பெரிய பிரச்சினையான பிறகு, 1961 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவில் பிசிவி வால்வு (பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்) வந்தது. கார் புகையைக் கட்டுப்படுத்த வந்த முதல் கருவிகளில் ஒன்று இது. வாயுவை வெளியே விடாமல், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டுக்கே அனுப்பி மறுபடி எரிப்பதுதான் யோசனை.

அந்த வால்வு ஒரு விரல் நீளம்கூட இருக்காது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சிறு பிளஞ்சர், அவ்வளவுதான். ஆனால் அது செய்கிற வேலை நுட்பமானது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்ஜின் ஓடும்போது, மேனிஃபோல்டின் உறிஞ்சல் மிக அதிகம், புளோ-பை குறைவு. அப்போது உறிஞ்சலே பிளஞ்சரை இழுத்து வழியைக் குறுக்கிவிடும். சீராக ஓடும்போது உறிஞ்சல் தளரும், ஸ்பிரிங் பிளஞ்சரைப் பின்னால் தள்ளும், வழி அகலமாகும். எஞ்ஜின் நின்றாலோ, கார்புரேட்டரில் பின்வெடிப்பு வந்தாலோ, பிளஞ்சர் எதிர்ப்பக்கம் போய் வழியை மூடிவிடும். தீ கிராங்க்கேஸுக்குள் போகாமல் காப்பது இதுதான். இதற்கு ஜோடியாக ஏர் கிளீனரிலிருந்து டாப்பெட் கவருக்கு இன்னொரு குழாய் வரும். அதன் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே போகும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது மட்டும் அதே குழாயில் வாயு எதிர்த்திசையில் ஏர் கிளீனருக்கு வரும்.

கார் மாடிஃபை செய்கிற பலர் இதைத் தேவையில்லாத குழாய் என்று கழற்றிவிட்டு, டாப்பெட் கவர் மேல் ஒரு குட்டி ஃபில்டரைச் சொருகிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அழுத்தம் வெளியேறும், சரி. ஆனால் உறிஞ்சல் இல்லை, புதுக் காற்று உள்ளே போவதில்லை, ஈரம் அங்கேயே தங்கும். கேபினுக்குள் எண்ணெய் நாற்றம் வேறு. அதைவிட மோசம், இரண்டு பக்கமும் அடைத்துவிடுவது. வெளியேற வழியில்லாத வாயு டிப்ஸ்டிக்கை மேலே தள்ளும், கிராங்க் ஆயில் சீல் வழியாக எண்ணெயைப் பிதுக்கும். எத்தனை புது சீல் போட்டாலும் இது நிற்காது. டர்போ போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: நடுவில் ஒருவழி வால்வு இல்லாவிட்டால், டர்போவின் அழுத்தம் பிசிவி வழியாக நேரே கிராங்க்கேஸுக்குள் இறங்கும்.

சோதிப்பது எளிது. எஞ்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அந்த ஓட்டையின் மேல் ஒரு மெல்லிய பாலிதீன் காகிதத்தை வையுங்கள். மெதுவாக உள்ளே இழுத்தால் நல்லது. படபடத்து மேலே தூக்கினால், பிசிவி அடைத்திருக்கிறது அல்லது புளோ-பை அளவுக்கு மீறிப் போகிறது. அப்புறம் வால்வைக் கழற்றி, குழாயோடு சேர்த்துப் பிடித்து, வால்வின் வாயில் விரலை வையுங்கள். விரலை இழுக்க வேண்டும், ஐடிலிங் லேசாக மாற வேண்டும். எஞ்ஜினை நிறுத்திவிட்டு வால்வைக் காதருகே குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். வால்வு நன்றாக இருந்தும் காகிதம் தூக்குகிறது என்றால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்க வேண்டியதுதான். ஸ்பார்க் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது கம்ப்ரஷன் ஏறினால் ரிங் தேய்மானம். ஆனால் இப்போதுதான் சிலிண்டரைக் கடைந்து போர் வேலை செய்த எஞ்ஜின் என்றால் அவசரப்படாதீர்கள்; ரிங் படிந்து உட்காரும்வரை புளோ-பை கூடுதலாகவே இருக்கும்.

மேனிஃபோல்டின் உறிஞ்சலை வேக்குவம் கேஜ் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையேடுகளில் ஐடிலிங்குக்கு 18 முதல் 21 அங்குலம் பாதரசம் என்று போட்டிருப்பது கடல்மட்டத்துக்கு. பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. ஆகவே கேஜ் 3 அங்குலம் குறைத்தே காட்டும். 16 காட்டுகிறது என்று நல்ல எஞ்ஜினைப் பிரித்துவிடக் கூடாது. சென்னையில் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வைத்து டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, ஓடுவதற்கும் இதே காரணம்.

இனி ஸ்டார்ட்டிங். அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக், வண்டியைத் தொடுவதற்கு முன்பே இதைத்தான் கேட்பார்: “செல்ஃபே எடுக்கலையா சார், இல்ல செல்ஃப் நல்லா சுத்தியும் ஃபயர் ஆகலையா? அத மொதல்ல சொல்லுங்க.” பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

செல்ஃப் எடுக்காமல் டிக்-டிக்-டிக் என்று மட்டும் அடித்தால், செல்ஃப் மோட்டாரின் மின்காந்தச் சுவிட்சான சாலினாய்டுக்குள் நடப்பது இது. அதில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. ஒன்று பலமாக இழுக்கும், மற்றொன்று இழுத்ததைப் பிடித்து வைத்திருக்கும். கான்டாக்ட் சேர்ந்த நொடியில் இழுக்கும் சுற்று வேலையை நிறுத்திவிடும். அதே நொடியில் மோட்டார் பெரும் கரன்டை இழுக்க, வோல்டேஜ் சரியும்; பிடிக்கும் சுற்றால் தாங்க முடியாமல் விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். கேட்கிற டிக் ஒவ்வொன்றும் ஒரு முயற்சி.

வோல்டேஜ் ஏன் சரிகிறது? சிறிய காரின் செல்ஃப் மோட்டாரே 150 ஆம்பியர் வரை இழுக்கும். துருப்பிடித்த ஓர் எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் பூஜ்யம் போலவே தெரியும். ஆனால் 150-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 1.5 வோல்ட் அங்கேயே காணாமல் போகிறது. 225 வாட் சூடாகிறது. அதனால் இந்த இணைப்பை ஓமில் அளக்கக் கூடாது, வேலை செய்யும்போது வோல்ட்டில் அளக்க வேண்டும். எஞ்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டின் மேலேயே வையுங்கள் (கிளாம்ப்பின் மேல் அல்ல), மற்றதை எஞ்ஜின் பிளாக்கில் வையுங்கள். ஒருவரை சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கம் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேட்டரியே அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் அதன் மேல் பழி போடலாம், அதுவும் முழுதாக சார்ஜ் ஆன நிலையில், அதாவது ஓய்வில் 12.6 காட்டும்போது.

எஞ்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதை இணைப்பது அந்த எர்த் பட்டை ஒன்றுதான். எஞ்ஜினை மாற்றும்போது அது விட்டுப்போனால் கரன்ட் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும், சோக் கேபிள் வழியாகப் போகும். நாலைந்து முறை செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிளின் உறை இளகியிருந்தாலோ, ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகிப்போயிருந்தாலோ, வேறு எதையும் தேட வேண்டாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஃபயர் ஆகவில்லை என்றால் பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். காயிலோடு பலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரன்டைக் குறைக்கும் தடை) உள்ள பழைய அமைப்புகளில் ஒரு நல்ல துப்பு உண்டு. சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்வரை ஓடி, விட்டதும் நின்றால் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது சும்மா இருந்து, சாவியை விடும் நொடியில் பிடித்தால், ஸ்டார்ட்டின்போது காயிலுக்கு நேரடியாக வர வேண்டிய வயர் மாட்டப்படவில்லை.

பொறி நன்றாக இருந்தும் குளிர்ந்த எஞ்ஜின் மட்டும் பிடிக்க மறுத்தால், அந்தக் குழாய்க்கே திரும்ப வேண்டும். சோக் எப்படி வேலை செய்கிறது? கார்புரேட்டரின் மேல்வாயை மூடுகிறது. பிஸ்டனின் உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் ஜெட்டின் மேல் விழுகிறது. கழற்றிய பிசிவிக்காக மேனிஃபோல்டில் இருந்த முனையை வெடித்துப்போன ரப்பர் மூடியால் அடைத்திருந்தால், செல்ஃப் சுற்றும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து உறிஞ்சலைக் குலைத்துவிடும். பெட்ரோல் மேலே ஏறாது. இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். சாதாரணப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு ஏறக்குறைய 13.5 பங்குதான், அதாவது அதே அளவு காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். ஏற்கெனவே லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கிற வண்டிக்கு அந்தச் சிறு ஓட்டையே போதும், காலையில் அடம்பிடிக்க. பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் உப்பவைத்து இளக்கும் என்பதால், பெட்ரோல் லைனை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. காலையில் சோக் இழுத்து இழுத்து அடித்ததிலோ, மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்ததிலோ, பெட்ரோல் ஆயில் சேம்பரில் இறங்கிவிடும். எஞ்ஜின் சூடானதும் அது ஆவியாகி பிசிவி வழியே மேனிஃபோல்டுக்கு வரும். ஐடிலிங் தடுமாறும், கரும்புகை வரும். பிசிவி குழாயைப் பிடுங்கியதும் சரியாகிவிடுவதால் வால்வையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தாலோ, ஆயில் மட்டம் தானாக உயர்ந்திருந்தாலோ, வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. அந்த ஆவி தீப்பிடிக்கும், மெலிந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். பம்பைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே பிசிவியைச் சோதிக்க வேண்டும்.

குழாயைத் திரும்ப மாட்டும்போது ஜே.சி. ரோட்டில் கிடைக்கிற ஏதோ ஒரு தண்ணீர்க் குழாயை வாங்கிப் போடாதீர்கள். எண்ணெய் தாங்காத ரப்பர் உறிஞ்சலில் சப்பிப்போகும். அந்த எஞ்ஜினுக்கு உரிய வால்வையே வாங்குங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் வழியின் அளவு மாறும். மேனிஃபோல்டில் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில்தான் இணைக்க வேண்டும். ஒரு சிலிண்டரின் வழியில் மட்டும் கொடுத்தால் அந்த ஒரு பிளக் மட்டும் எண்ணெய் பிடித்துக் கறுக்கும். கேட்ச் கேன் (வாயுவிலிருந்து எண்ணெயைப் பிடிக்கும் டப்பா) வைப்பதானால் குழாயின் உள் விட்டத்தைக் குறைக்காமல், நடுவில் தொய்வு விழாமல் கொண்டுபோங்கள். தொய்ந்த இடத்தில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கி, குழாய் இருந்தும் அடைத்ததாகவே ஆகிவிடும்.