மேல்காதில் ஊசியை ஒட்டிக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமோ ஒலுவில் பல்கலைக்கழகமோ, பரீட்சை நெருங்கினால் சிவந்து வீங்கிய காதோடு பிள்ளைகள் சிகிச்சைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. மன அழுத்தம் குறையுமென்று ஒன்லைனில் வாங்கிய, காது அக்குபங்சருக்கான குட்டி ஊசிகளை விடுதி அறையிலேயே ஒருவருக்கொருவர் ஒட்டிவிட்டிருப்பார்கள். கேட்டால், "மருந்து இல்லைதானே, பக்கவிளைவு வராது" என்பார்கள்.

வரும். காதுச்சோணையைத் தவிர வெளிக்காதின் பெரும்பகுதி கசியிழையம் (குருத்தெலும்பு). அதற்குச் சொந்த இரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்திய மெல்லிய உறையிலிருந்துதான் ஊட்டம். அங்கே கிருமி, பெரும்பாலும் சூடோமோனாஸ், புகுந்து உறைக்கடியில் சீழ் கட்டினால் கசியிழையம் செத்துப்போகும். காது சுருங்கி மடங்கினால் பழைய வடிவம் தானாகத் திரும்பாது. கடையில் நீங்களாக வாங்கி விழுங்கும் அமொக்சிசிலினுக்கு இந்தக் கிருமி மசியாது. சோணை நன்றாயிருக்க, மேல்காது மட்டும் சிவந்து சூடாகி, தொட்டால் வலிக்கிறதா? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"கூட நாள் விட்டால் கூடப் பலன்" என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை! 1970களில் நியூயோர்க்கின் லிங்கன் மருத்துவமனையில், போதையிலிருந்து மீள்வோருக்காக வளர்ந்த, காதில் ஐந்து புள்ளிகளில் குத்தும் முறையில்கூட 30 முதல் 45 நிமிடம் உட்கார வைத்துவிட்டு ஊசிகளை எடுத்துவிடுவார்கள். சென்மென், பரிவு நரம்பு, சிறுநீரகம், ஈரல், நுரையீரல் என்பவை காதிலுள்ள அந்தப் புள்ளிகளின் பெயர்கள். ஊசி ஒருமுறைப் பாவனைக்கு மட்டும். குத்துமுன் ஸ்பிரிட்டால் துடைத்து, அது காயும்வரை பொறுக்க வேண்டும். அறைத்தோழிக்குக் குத்தியதை உங்களுக்குக் குத்தினால் ஈரல் அழற்சி பி, சி கிருமிகளும் கூடவே வரலாம்.

காதில் ஊசி போட்டுக்கொள்ள வெறும் வயிற்றோடு வராதீர்கள், மயக்கம் போடும். நோன்பு காலமென்றால் நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு வாருங்கள். இதய வால்வுக் கோளாறு, கட்டுப்படாத நீரிழிவு, வார்பரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) பாவனை, கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மறைக்க வேண்டாம், பிள்ளைகளே.

தானாகச் செய்தே ஆகவேண்டுமென்றால், தோலைத் துளைக்காத ஒட்டுவிதை (பிளாஸ்டரோடு காதில் ஒட்டும் சிறு விதை) போதும். ஒரு காதில் மட்டும் ஒட்டி, நாளுக்கு மூன்று நான்கு தடவை அரை நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். நம்மூர் வியர்வைக்கு மூன்று நாளே அதிகம். கல்லடிக் கடலில் குளிக்கப்போனால் முன்பே கழற்றிவிடுங்கள். பிளாஸ்டருக்கடியில் அரித்தாலும் அப்படித்தான்.

பரீட்சைப் பதற்றம் சற்றுத் தணிவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலிப் புள்ளியில் குத்தப்பட்டவர்களுக்கும் ஓரளவு தணிந்தது. விடியும்வரை விழித்திருந்து கெடுத்த நித்திரையை எந்த ஊசியும் திருப்பித் தராது. வாரக்கணக்கில் நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம்போல் இருக்கிறது என்றால் காதை விட்டுவிட்டு மனநல வைத்தியரிடம் போங்கள். இரவானாலும் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.