பாரா: வான்குடைப் படையினர்

விமானத்திலிருந்து குதித்துப் போரிடும் சிப்பாயைப் பிரெஞ்சுக்காரர்கள் சுருக்கமாகப் 'பாரா' என்பார்கள். காவலுக்கு நிற்பதை நாமும் பாரா என்கிறோமே, அதுவா இது? இல்லை. நம்முடையது இந்துஸ்தானிப் 'பஹ்ரா'. அவர்களுடையது பாராசூட்டின் முன்பாதி.

பாராசூட்டில் 'பாரா' என்பது தடுப்பு. இத்தாலிய 'பராரே' என்ற வினை அதற்கு மூலம். 'சூட்' என்றால் விழுதல். சொல்லை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் லெனோர்மான் 1783இல் மோன்பெலியே நகரின் வானாய்வுக் கோபுரத்திலிருந்து தானே குதித்துக் காட்டியவர். பிரெஞ்சில் மழைக்குடை 'பாராப்ளுயி', வெயில்குடை 'பாராசோல்'. மூன்றுக்கும் ஒரே தலை. அதனால் வான்குடை என்ற தமிழ்ச்சொல் வெறும் உருவ ஒப்புமை இல்லை, மூலச்சொல்லின் உறவுச்சொற்களையே தொட்டுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம் இது.

சரி, ஆளுக்கு என்ன சொல்வது? 'வான்குடை வீரர்' என்று பலரும் எழுதுகிறோம். இங்கேதான் எனக்குத் தயக்கம். பிரெஞ்சு பாராக்களின் தளபதி மார்செல் பிஜாரை எடுத்துக்கொள்வோம். பிரான்சில் தூல் என்ற ஊரில் 1916இல் பிறந்து, வங்கியில் வேலை பார்த்தவர். 1940இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, மூன்றாவது முயற்சியில் தப்பினார். வியட்நாமில் 6ஆம் காலனிய வான்குடைப் பட்டாளத்தின் தலைவராக, பிரெஞ்சுப் படை கோட்டை அமைத்த தியன் பியன் பு என்ற இடத்தில் இரண்டு முறை குதித்தார்: 1953 நவம்பரில் இடத்தைப் பிடிக்க, 1954 மார்ச்சில் வியட்நாமியரின் முற்றுகைக்குள்ளேயே. மே 7இல் கோட்டை விழுந்தது, மறுபடி சிறை. இதை வீரம் என்றால் நான் மறுக்கமாட்டேன்.

அப்புறம், பிரான்சின் பிடியிலிருந்து விடுபடப் போராடிய அல்ஜீரியா. 1957இல் அதன் தலைநகர் அல்ஜியர்ஸ் பாராக்களின் கையில் ஒப்படைக்கப்பட்டது. பிஜாரின் 3ஆம் ரெஜிமெண்ட் விடுதலை இயக்கத் தலைவர் லார்பி பென் மிஹிதியைப் பிடித்தது. பிஜார் அவரை மரியாதையோடு நடத்தினார். ஆனால் வேறு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதும் அவர் கொல்லப்பட்டார். தற்கொலை என்று அறிவித்தார்கள். பிரெஞ்சு அரசு கொலையை ஒப்புக்கொண்டது 2024இல்தான். கொன்று கடலில் வீசப்பட்ட உடல்களுக்கு 'பிஜார் இறால்கள்' என்றே பெயர் விழுந்தது. தான் சித்திரவதை செய்ததில்லை என்று பிஜார் கடைசிவரை மறுத்தார். அல்ஜியர்ஸில் நள்ளிரவில் கதவு தட்டப்பட்ட வீட்டில் 'பாரா' என்ற சொல்லுக்குப் பொருள் அச்சம்தான்.

அதனால் பொதுச்சொல்லாக 'வான்குடைப் படையினர்' போதும். குதித்தவரின் துணிவைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'வீரர்' வரட்டும். படைப்பிரிவின் பெயரில் இருந்த 'காலனிய' என்பதையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். பிரான்ஸ் அதை 1958இல் எடுத்துவிட்டுக் 'கடற்காலாட்படை' என்று மாற்றிக்கொண்டது. ஆனால் அல்ஜீரியாவில் போர் 1962 வரை நடந்தது.