மீள்திறன்: சொல் விளக்கம்

பிள்ளைகளுக்கான பயிற்சி வகுப்பு அறிவிப்புகளில் 'ரெசிலியன்ஸ்' என்னும் சொல் இப்போது நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமும் அடிக்கடி தென்படுகிறது. தோல்வி, இழப்பு, அவமானம் ஆகியவற்றால் நிலைகுலைந்த பிள்ளை மீண்டும் தன் நிலைக்கு வந்து மேலே வளரும் ஆற்றலை அது குறிக்கும். அதற்குத் தமிழில் மீள்திறன் என்பதே பொருத்தமான சொல்.

துள்ளிப் பின்வாங்குதல் என்னும் பொருள் கொண்ட 'ரெசிலீரே' என்ற இலத்தீன் வினை இச்சொல்லின் வேர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய இது, 19ஆம் நூற்றாண்டில் பொறியியலாரின் கலைச்சொல்லாயிற்று. மரமும் உலோகமும் அதிர்ச்சியை முறியாமல் உள்வாங்கி, பின்பு அதை வெளியிடும் தன்மையை அவர்கள் இச்சொல்லால் குறித்தனர். குலசேகரம், அருமனைத் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கும் ரப்பரின் துள்ளலை ஆய்வுக்கூடத்தில் அளப்பதும் இன்றுவரை இதே பெயரில்தான். உளவியலுக்குள் இச்சொல் வேரூன்ற உதவிய ஆய்வுகளுள் முதன்மையானது, ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தது. வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ள பெரியவர்களாயினர். அவர்களுக்குப் பெற்றோரோ, பாட்டியோ, ஆசிரியரோ, நிலையான அன்பு காட்டிய ஒருவராவது இருந்தார் என்பது அவ்வாய்வின் முக்கியமான முடிவு.

இழுத்து விட்ட ரப்பர் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். பிள்ளை அப்படித் திரும்புவதில்லை, பட்டதிலிருந்து ஏதோ ஒன்றைக் கற்று, சற்றே வேறொருவராகத்தான் எழுந்து வருகிறது. ஆகவே பொருளறிவியலில் வழங்கும் மீட்சித்தன்மை போன்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது போதாது. தாங்குதிறன் என்று சிலர் எழுதுவது அதைவிடப் பிழையானது, ஏனெனில் வலியை வாய் திறவாமல் பொறுத்துக்கொள்ளும் பிள்ளையை அது பாராட்டிவிடுகிறது. 'வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்' என்று குறள் (661) தொடங்கும் மனத்திட்பம் அழகிய சொல்தான், ஆனால் அது எடுத்த செயலை முடிக்கும் உறுதியைச் சொல்கிறது, விழுந்தபின் எழுவதை அன்று. இடுக்கண் அழியாமை என்னும் 63ஆம் அதிகாரத் தலைப்பு பொருளால் இன்னும் நெருங்கி வருகிறது. கலைச்சொல்லாகப் புழங்க நீளம்தான் தடை.

மீள்திறன் என்பதை நான் வலியுறுத்துவதற்கு அதன் இலக்கணமும் ஒரு காரணம். 'மீள்' தன்வினை, துன்பத்திலிருந்து ஒருவர் தாமே வெளிவருதல். 'மீட்டல்' பிறவினை; வேறொருவர் அவரை வெளியே கொண்டுவருதல். மறந்துபோன குறிப்பேட்டை ஒவ்வொரு முறையும் பள்ளி வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், தோழியோடு வந்த பிணக்கைத் தாயே பேசித் தீர்ப்பதும் மீட்டல். பிள்ளை தானே மீள்வதற்குத் துணை நிற்பதுதான் பயிற்றுவித்தல். அந்தத் துணை இல்லாமல் பிள்ளையைத் தனியே விட்டுவிடுவது இரண்டிலும் சேராது.

நம் குமரி மாவட்டப் பேச்சில் இதற்கென்றே வாய்த்தது போல ஒரு தொடர் உண்டு: 'சாரமில்ல மக்களே', அதாவது 'பரவாயில்லை, பிள்ளாய்'. கணக்குத் தாளைப் பைக்குள் ஒளித்து வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும் ஏழாம் வகுப்புப் பெண்ணிடம், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே இதைச் சொன்னால், அவளுடைய துயரத்தில் பொருட்படுத்த ஒன்றுமில்லை என்றுதான் அவள் காதில் விழும். அவள் அழுது முடித்து, 'எல்லாரும் சிரிச்சாங்கம்மா' என்று சொன்னபின் தாய் அதையே சொல்லி, 'எந்தக் கணக்குல நின்னுட்டே, காட்டு' என்று அருகில் அமர்ந்தால், அங்கே ஆறுதலும் பயிற்சியும் ஒன்றாக நடக்கின்றன. தாள் வெளியே வருகிறது. பின்னக் கூட்டலில் பகுதிகளைச் சமமாக்காமலே கூட்டியிருப்பது தெரிகிறது. 'எனக்குக் கணக்கே வராது' என்பது 'எனக்கு இந்தப் படி தெரியவில்லை' என்று சுருங்கும் இந்த இடத்தைத்தான், எத்தனை ஊக்க உரைகளையும்விட, நான் பெரிதாக மதிக்கிறேன்.

தன்னம்பிக்கை என்னும் இணைச்சொல்லுக்கும் இங்கே இடமுண்டு. 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது தொல்காப்பிய உரியியல். அதாவது 'நம்பு' என்பதற்குப் பழைய பொருள் விருப்பம். தன்மீது விருப்பமில்லாத பிள்ளையிடம் 'உன்னால் முடியும்' என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இந்தப் பழம்பொருள் நல்ல விளக்கமாக எனக்குப் படுகிறது.

வழக்கில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் குளச்சல், மணக்குடிக் கரைகளில் உறவுகளை இழந்த பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஆற்றுப்படுத்துதல் என்னும் உளநல ஆலோசனை, சிலருக்கு மருத்துவமும்கூட. பயிற்சி வகுப்பு அதற்கு ஈடாகாது. வாரக்கணக்கில் உறங்காமலும் உண்ணாமலும் இருக்கும் பிள்ளையைப் பற்றி 'மீள்திறன் இல்லாதவன்' என்று எழுதுவதும் பேசுவதும் தவறு. அச்சொல் ஒரு பிள்ளையின் பிறவிக் குணத்தைக் குறிப்பதன்று. 'மீள்திறன் வளர்த்தல்', 'மீள்திறன் பயிற்சி' என வளர்ச்சியைச் சுட்டும் தொடர்களிலேயே அதை வழங்க வேண்டும்.