கருப்புப் படம் காட்டிக்கொடுத்த பூட்டு

"நெறிமுறையை (செயலி தன் நிறுவனக் கணினியோடு பேசும் விதிகளை) நிறுவனம் வெளியிடவே இல்லை. பிறகு எப்படி அதற்குத் திறமூல நிரலகம் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல்தொகுப்பு) எழுதுகிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

செயலியும் வழங்கியும் (நிறுவனத்தின் சர்வர் கணினி) பேசிக்கொள்வதைப் பொறுமையாகக் கவனித்துத்தான். 2013-இல் ஸ்னாப்சாட் படப்பகிர்வுச் செயலிக்கு நடந்ததையே எடுத்துக்கொள்வோம். அந்த நெறிமுறை இன்று புழக்கத்தில் இல்லை. கற்றுக்கொள்ள அருமையான உதாரணம்.

மடிக்கணினியில் மிட்ம்பிராக்ஸி என்ற, இணையப் போக்குவரத்தை நடுவில் நின்று காட்டும் கருவியை ஓடவிட்டு (இயல்பாக 8080 போர்ட்), கைபேசியின் வைஃபை அமைப்பில் அதையே பிராக்ஸியாக (இடைத்தரகராக) கொடுத்து, அதன் சான்றிதழைக் கைபேசியில் நிறுவினால், போக்குவரத்தை மறைக்கும் ஹெச்டிடிபிஎஸ் உறை பிரிந்துவிடும். ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவிய சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. ஆகவே இன்று இதே வேலைக்குப் பெரும்பாலும் ரூட் செய்த (முழுக் கட்டுப்பாடும் திறந்த) கைபேசியோ எமுலேட்டரோ (கணினிக்குள் ஓடும் போலிக் கைபேசி) வேண்டியிருக்கும். அனுப்ப ஒன்று, பெற ஒன்று என உங்கள் சொந்தக் கணக்குகள் இரண்டு போதும். அடுத்தவர் கணக்கைத் தொடவே கூடாது.

உறை பிரிந்ததும் கோரிக்கைகள் பளிச்சென்று தெரியும். படம் மட்டும் புரியாத பைட்டுகளாக வரும். ஆனால் எந்தப் படத்தின் அளவும் 16-ஆல் மீதமின்றி வகுபடும். ஏஇஎஸ் என்ற பிரபலமான மறையாக்கம் 16 பைட்டுத் துண்டுகளாகப் பூட்டும் முறை என்பதால் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழும்.

இனி வருவதுதான் அழகு. ஜேபெக் கோப்பு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: 255, 216, 255, 224, 0, 16, 74, 70, 73, 70, 0, 1, 1, 0, 0, 1. எண்ணிப் பாருங்கள், சரியாக 16 பைட்டு. ஒரு முழுத் துண்டு! எல்லாப் படத்துக்கும் ஒரே சாவி என்றால், பூட்டிய பிறகும் முதல் துண்டு எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். இருந்தது.

துண்டுகளைத் தனித்தனியே பூட்டும் ஈசிபி முறையில் இது நடக்கும். ஆனால் முந்தைய துண்டைக் கலந்து பூட்டும் சிபிசி முறையிலும், முதல் துண்டோடு கலக்கும் தொடக்க மதிப்பை மாற்றாவிட்டால், இதே விளைவு வரும். இரண்டையும் பிரிக்க, லென்ஸை இறுக மூடிக் கருப்புப் படம் எடுங்கள். 4:2:0 நிறச் சுருக்கமும் (நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் வைப்பது) வழக்கமான ஹஃப்மன் அட்டவணையும் (அடிக்கடி வரும் மதிப்புக்குக் குறைந்த பிட் தரும் பட்டியல்) உள்ள படத்தில், மாற்றமே இல்லாத ஒளிக்கட்டம் (8×8 புள்ளிகளின் வெளிச்சம்) ஒன்றுக்கு 6 பிட், நிறக்கட்டம் ஒன்றுக்கு 4 பிட். படத்தின் ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு ஒளிக்கட்டம், இரண்டு நிறக்கட்டம்: 24 + 8 = 32 பிட், அதாவது 4 பைட்டு. பைட்டு எல்லையில் சரியாகத் தொடங்கினால் அந்த நான்கும் 40, 162, 138, 0; சில பிட் நகர்ந்தால் எண்கள் மாறலாம். எப்படியானாலும் அதே நான்கு பைட்டு திரும்பத் திரும்ப வரும். 16-ஐ 4 சரியாக வகுப்பதால் துண்டுகள் எல்லாம் ஒன்றுபோலாகும். சிபிசி முந்தைய துண்டைக் கலந்து இதைக் குலைத்துவிடும். ஈசிபி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பூட்டுவதால் வெளியிலும் ஒரே துண்டு வரிசைகட்டி நிற்கும். சென்சார் இரைச்சலால் ஆங்காங்கே வரிசை உடையலாம். நீண்ட ஓட்டம் ஒன்று கிடைத்தாலே போதும். ஸ்னாப்சாட் பயன்படுத்தியது ஈசிபிதான்.

சாவி? செயலியை ஜேடெக்ஸில் (செயலியை வாசிக்கத்தக்க நிரலாக்கும் கருவி) பிரித்தால் உள்ளேயே மாறாத எழுத்துச்சரமாகக் கிடக்கும். கோடிக்கணக்கான கைபேசிகளுக்கு விநியோகித்த சாவியை ரகசியம் என்று சொல்வது பயனரை ஏமாற்றுவதாகும் என்பதே என் கருத்து.

ஒவ்வொரு கோரிக்கையோடும் செல்லும் அடையாளச் சரமான கோரிக்கை டோக்கன் வேலை வாங்கும். செயலியில் பொதிந்த ரகசியச் சரத்தின் பின்னால், உள்நுழைந்ததும் வழங்கி தரும் டோக்கனைச் சேர்த்து ஒரு எஸ்ஹெச்ஏ-256 (எந்தத் தரவையும் நிலையான நீளச் சரமாக்கும் கணக்கு). நேரமுத்திரையின் (கோரிக்கை அனுப்பும் நேரத்தைக் குறிக்கும் எண்) பின்னால் ரகசியச் சரத்தைச் சேர்த்து இன்னொன்று. இரண்டும் 64 எழுத்து. செயலியிலேயே உள்ள 64 இலக்க 0-1 வரிசையில் 0 வந்தால் முதலாவதிலிருந்தும், 1 வந்தால் இரண்டாவதிலிருந்தும் அதே இடத்து எழுத்தை எடுக்க வேண்டும். நேரத்தை மில்லிவினாடிக்குப் பதில் வினாடியில் கொடுத்தாலோ, ஒட்டும் வரிசையை மாற்றினாலோ, கோரிக்கையில் அனுப்பிய நேரமும் டோக்கனில் கலந்த நேரமும் வேறாக இருந்தாலோ வழங்கி மறுத்துவிடும். உள்நுழையும் முன் டோக்கன் இருக்காது. அப்போது செயலியில் பொதிந்த நிலையான டோக்கனைப் பயன்படுத்த வேண்டும்.

இதைக் குற்றமாகப் பார்ப்போர் உண்டு. ஆனால் நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே, தனியாக எழுதிய மென்பொருள் பிறவற்றோடு இணைந்து இயங்கத் தேவையான, வேறு வழியில் எளிதில் கிடைக்காத தகவலைப் பெற இடம் தருகிறது. படங்கள் தானே மறைந்துவிடும் என்ற வாக்குறுதி தவறானது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2014 மே மாதம் ஸ்னாப்சாட்மீது குற்றம்சாட்டியபோது, வெளிச்செயலிகள் படங்களைச் சேமிக்க முடிந்ததையும் காரணமாகக் காட்டியது. இத்தகைய ஆய்வுக்குப் பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்க வேண்டும்.

எழுதப் போகிறவர்கள் சாவி, 0-1 வரிசை, பதிப்பு எண் மூன்றையும் நிரலுக்குள் புதைக்காமல் தனிக்கோப்பில் வையுங்கள். செயலி புதுப்பிக்கப்படும்போது முதலில் மாறக்கூடியவை அவைதாம்.