விழிஞ்ஞம்: ஆழத்துக்கு விலையாகக் கொட்டிய கல்

களியக்காவிளைச் சாலையோரம் நின்றால், கருங்கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் எல்லை தாண்டிப் போவதைப் பார்க்கலாம். தார்ப்பாய் விலகிய இடத்தில் தெரியும் கற்களில், வெடி வைப்பதற்காகத் துளையிட்ட குழியின் பாதித் தடம் குழாயை நெடுகப் பிளந்ததுபோல் பதிந்திருக்கும். கேரளத்துக் குவாரிகளின் கல் போதாமல் போனபோது, குமரி மாவட்டத்துக் கல்லும் திருவனந்தபுரத்துக்கு அருகே உள்ள விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குப் போனது. ஒரு துறைமுகம் இவ்வளவு கல்லை ஏன் கேட்கிறது என்பதை, அந்தக் கல்லைக் கொடுத்த ஊர்க்காரர்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

விழிஞ்ஞத்தின் செல்வம் அதன் ஆழம். கொச்சியில் ஆறுகள் கொண்டுவரும் வண்டலை ஆண்டுதோறும் தூர்வாரியே கப்பல் வழியைக் காக்கிறார்கள். விழிஞ்ஞத்திலோ கரையிலிருந்து ஒரு கடல் மைலுக்குள்ளேயே கடல் 20 மீட்டர் ஆழத்தைத் தொடுகிறது, கரையோர மணல் நகர்வும் குறைவு. பன்னாட்டுக் கப்பல் பாதையும் சுமார் 10 கடல் மைல் தொலைவில்தான் இருக்கிறது. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் நடந்துவந்த வேலை, அதாவது தாய்க்கப்பலின் சரக்குப் பெட்டகங்களை (கன்டெய்னர்) இறக்கிச் சிறு கப்பல்களில் மாற்றி அனுப்பும் வேலை, இங்கே சாத்தியமானது இதனால்தான். 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியது. 2025 ஜூன் 9 அன்று, இருபதடிப் பெட்டகக் கணக்கில் 24,346 பெட்டகங்கள் கொள்ளும், ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள எம்எஸ்சி ஐரினா என்ற கப்பல் இங்கே வந்து அணைந்தது.

ஆனால் ஆழமான கரை திறந்த கரையும்கூட. தென்மேற்குப் பருவக்காற்றில் எழும் அலை, ஆழம் குறைந்த மணல்திட்டில் மோதித் தளராமல் முழு வலிமையுடன் வந்து சேரும் என்பதால், கப்பல் அசையாமல் நிற்க அமைதியான நீரைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருந்தது. அதற்காகவே முதற்கட்டத்தில் சுமார் 2,960 மீட்டர் நீளத்துக்குத் தடுப்பு எழுந்தது. சுவர் என்று சொன்னாலும் அது உண்மையில் கடலுக்குள் மூழ்கிய ஒரு நீண்ட குன்று. இருபுறமும் சரிவாக அமைவதால் நீர் ஆழமாக ஆக அடிப்பகுதியும் அகன்றுகொண்டே போகும். ஆழம் இரு மடங்கானால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தேவைப்படும் கல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தூர்வாரும் செலவை மிச்சப்படுத்திய அதே ஆழம் மலையைக் கேட்டது இந்தக் கணக்கில்தான்.

கல்லைக் கொட்டினால் மட்டும் போதாது. கடல்நீரில் மூழ்கிய ஒரு டன் கருங்கல், மிதப்பு விசையால் சுமார் 620 கிலோவாகத்தான் கனக்கும். அலையின் உயரம் இரட்டித்தால், அதை எதிர்த்து அசையாமல் கிடக்க எட்டு மடங்கு எடையுள்ள கல் தேவை. கட்டுமானத்தின் நடுவே, 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல், முடிவுபெறாத தடுப்பைச் சேதப்படுத்தியது. நம் கடற்கரைக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளை மீளாத் துயரில் ஆழ்த்திய புயலும் அதுதான்.

ஆகவே உள்ளே பொடிக்கல், அதன்மேல் பெருங்கல், கடலைப் பார்த்த புறத்தில் அக்ரோபோடு எனப்படும் கான்கிரீட் கட்டிகள் என்று அடுக்கினார்கள். கொம்புகள் முளைத்ததுபோன்ற அந்தக் கட்டிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இடையே உள்ள பொந்துகளில் புகும் அலை சிதறி, உராய்ந்து ஆற்றலை இழக்கிறது. வழவழப்பான செங்குத்துச் சுவராக இருந்தால் அலை அப்படியே திரும்பிப் பாயும்.

அடுத்த கட்டத்தில் இந்தத் தடுப்பை மேலும் 900 மீட்டருக்கு மேல் நீட்டும் திட்டம் இருக்கிறது. முதற்கட்டம் கரையோர ஆழமற்ற நீரில் தொடங்கியது. நீட்டிப்போ முதல் மீட்டரிலிருந்தே ஆழமான நீரில் எழ வேண்டும்.