வைரக் கதிருணரி

டைமண்ட் டிடெக்டர் என்றதும், கல் அசலா போலியா என்று சோதிக்கும் கருவிதான் பலருக்கு நினைவுக்கு வரும். இயற்பியலில் இந்தப் பெயருக்குப் பொருள் வேறு: வைரத்தையே உணரும் பொருளாக வைத்துக் கதிர்வீச்சை அளக்கும் கருவி. ‘வைரம் கண்டறியும் கருவி’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். பொற்சிலை என்றால் பொன்னால் ஆகிய சிலை அல்லவா? அப்படித்தான் இதையும் விரிக்க வேண்டும்.

கருவியின் அமைப்பு எளிது. சில நூறு மைக்ரான் தடிமனில் ஒரு வைரத் தகடு, அதன் இரு முகத்திலும் உலோகப் பூச்சு, அவற்றுக்கிடையே சில நூறு வோல்ட். மின்னூட்டத் துகள் ஒன்று தகட்டைத் துளைத்துப் போனால், வழியெங்கும் எலக்ட்ரான்–துளை இணைகள் உருவாகும் (துளை என்பது எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்). அவை எதிரெதிர் முகங்களை நோக்கி ஓடுவதுதான் நமக்குக் கிடைக்கும் மின்துடிப்பு. சில நானோநொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

சிலிக்கானும் இதே வேலையைச் செய்யும், அதுவும் மலிவாக. ஆனால் கடுமையான கதிர்வீச்சில் சிலிக்கான் அணுக்கள் இடம் பெயர்ந்துவிடும். கதிர் படாதபோதும் ஓடும் கசிவு மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும். குளிரூட்டாமல் சமாளிக்க முடியாது. வைரத்தில் கார்பன் அணுக்களின் பிணைப்பு மிக வலுவானது, ஓர் அணுவைப் பெயர்ப்பது அவ்வளவு சுலபமல்ல. ஆற்றல் இடைவெளியும், அதாவது பிணைப்பிலிருந்து எலக்ட்ரானை விடுவிக்கக் குறைந்தபட்சம் தேவையான ஆற்றலும், சிலிக்கானில் 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்றால் வைரத்தில் ஏறத்தாழ 5.5. அதனால் அறை வெப்பநிலையிலேயே கசிவு மிக மிகக் குறைவு. இதற்கு ஒரு விலையும் உண்டு: ஓர் இணையை உருவாக்கச் சிலிக்கானில் 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும், வைரத்தில் சுமார் 13 வேண்டும். துடிப்பு சிறியதாக வரும். நல்ல பெருக்கி இல்லாமல் வேலை நடக்காது.

நகைக்கடைக் கல் இதற்குச் சரிப்படாது. மீத்தேனையும் ஹைட்ரஜனையும் பிளாஸ்மாவாக்கி, கார்பனை அடுக்கடுக்காகப் படியவைத்து வளர்க்கும் வைரமே பயன்படுகிறது. ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் ஆர்.டி.42 என்ற கூட்டு ஆய்வுக் குழு 1994 முதல் இதை வளர்த்தெடுத்தது. அங்கே துகள்களை மோதவிட்டு ஆராயும் அட்லஸ், சி.எம்.எஸ். ஆய்வுகளில், துகள் கற்றை ஓடும் குழாய்க்கு அருகிலேயே வைர உணரிகளை வைத்துக் கற்றையைக் கண்காணித்தார்கள். அணுக்கரு இணைவு உலைகளில் இன்னும் அழகு: 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் வைரத்தின் கார்பனையே தாக்கி ஆல்ஃபா துகளையும் பெரிலியத்தையும் தரும். இலக்கும் உணரியும் ஒரே பொருள்!

அப்புறம், சொற்களின் பிறப்பு. டைமண்ட் என்பது ‘அடக்க முடியாதது’ எனப் பொருள்படும் அடமாஸ் என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நம் வைரம் வடமொழி வஜ்ரத்தின் வழி வந்தது. மரத்தின் கெட்டியான உட்பகுதியையும் வைரம் பாய்ந்தது என்கிறோம். டிடெக்டர், மூடியிருப்பதைத் திறத்தல் என்ற லத்தீன் வினையடியில் பிறந்தது. தமிழில் கண்டறிவி, உணர்கருவி, உணரி எல்லாம் வழங்குகின்றன. என் தேர்வு உணரி. சுருக்கமானது, கூட்டுச்சொல்லில் இடறாது.

உணர்வது கதிர்வீச்சை என்பதால் ‘கதிர்’ முன்னால் சேர்கிறது. ‘வைரக் கதிர் உணரி’ என்று பிரித்து எழுதினால் வைரத்தின் கதிரை உணர்வது என்று படிக்க இடமுண்டு. ‘வைரக் கதிருணரி’ என்று சேர்த்தே எழுதுங்கள். ஒற்றைப்படிக வைரக் கதிருணரி, பல்படிக வைரக் கதிருணரி என்று வகை பிரிக்கவும் அது இடம் கொடுக்கும்.