ஸ்வீட் பீ நாற்றுக்குச் செல்லம் ஆகாது

நாற்றுப்பண்ணை வேலையில் ஒவ்வொரு பருவத்திலும் என் மேசைக்கு வந்து சேரும் தட்டு ஒன்று உண்டு. சாண் உயரத்துக்கு வெளிறி வளர்ந்த ஸ்வீட் பீ நாற்றுகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். "வீட்டுக்குள் கதகதப்பாக வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே" என்பார் கொண்டுவந்தவர். கெடுத்ததே அதுதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஸ்வீட் பீ, மணமுள்ள பூவுக்காக வளர்க்கும் கொடி. பிறந்த இடம் இத்தாலியின் சிசிலித் தீவு. பிரான்செஸ்கோ குபானி என்ற துறவி 1699-இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கு விதை அனுப்பியதிலிருந்துதான் இதன் தோட்ட வாழ்க்கை தொடங்குகிறது. சிசிலியில் கோடை வறண்டது, மழையெல்லாம் குளிர்காலத்தில். மழை விழுந்ததும் முளைத்து, குளிர் முழுக்க வேரை இறக்கி, வெயில் ஏறுவதற்குள் பூத்துக் காய்த்துவிடுவது இதன் பிறவிக் குணம். முன்கூட்டி விதைப்பது அந்தக் குளிர்மாதங்களை வேருக்குக் கொடுப்பதற்காகத்தான். குளிர்காலம் மிதமாக இருக்கும் இடங்களில் வெயில் தணிந்ததும் விதைக்கலாம். பனி உறையும் இடங்களில் இலையுதிர் காலத்தில் விதைத்து, கண்ணாடி மூடிய பெட்டியில் காக்க வேண்டும். தவறவிட்டால் குளிர்காலக் கடைசியில் விதைக்கலாம்.

விதையைக் கையில் எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெயரில் பட்டாணியும் இருக்கிறது, இனிப்பும் இருக்கிறது. ஆனால் விதை நஞ்சு. அதிலுள்ள பீட்டா-அமினோபுரோப்பியோநைட்ரைல் என்ற பொருள் உடலில் கொலாஜன் இழைகள் பிணைவதைத் தடுத்து, எலும்பையும் இணைப்புத் திசுவையும் பலவீனமாக்கும். காயும் பட்டாணிக் காயின் சாயலில்தான் இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சமையல் பட்டாணிக்குப் பக்கத்துப் பாத்தியில் இதை நடாதீர்கள். விதை ஊறும் கிண்ணத்துக்கும் சமையலறை மேடையில் வேலையில்லை.

ஊறவைப்பது ஓர் இரவு போதும். காலையில் பார்த்தால் பெரும்பாலான விதைகள் உப்பியிருக்கும். சில மட்டும் போட்டது போட்டபடி கல்லாகக் கிடக்கும். அவற்றின் தோலை, விதை காயில் ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கத்தில், நகவெட்டியால் லேசாகக் கீறினால் நீர் உள்ளே போகும். இன்னும் ஒரு நாள் ஊறட்டும் என்று விட்டால் அழுகிவிடும்.

ஆணிவேர் அவசரக்காரன். மேலே இரண்டு இலை விரிவதற்குள் அது தட்டின் அடியைத் தொட்டிருக்கும். ஆழமில்லாத தட்டில் சுருண்டுகொள்ளும் என்பதால், 10 முதல் 12 செ.மீ. ஆழமுள்ள குழாய் வடிவத் தொட்டிதான் சரி. செய்தித்தாளைச் சுருட்டிச் செய்துகொண்டாலும் போதும். தாளின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நின்றால் அது திரிபோல ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். விதையை 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, எலி எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரே இரவில் ஒரு தட்டு முழுவதையும் தோண்டித் தின்ற எலி எனக்குப் பழக்கம்.

முளைக்க 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் போதும். ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம். பச்சை முனை தெரிந்த அன்றே தட்டைக் குளிர்ச்சியான, நல்ல வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். "இன்னும் நான்கு நாள் உள்ளேயே இருக்கட்டும்" என்று பரிதாபப்படுவதில்தான் சாண் உயர நோஞ்சான்கள் உருவாகின்றன. மண்ணின் மேற்பரப்பு காய்ந்த பிறகே தண்ணீர். ஓயாமல் ஈரமாக இருந்தால் தண்டு மண்மட்டத்தில் கறுத்து, நாற்று படுத்துவிடும். நாற்றழுகல் வந்தபின் மருந்தைத் தேடுவது வீண்.

இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். இந்த இடத்தில் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. முதலில் வரும் தண்டு எப்போதும் ஒல்லிதான். கிள்ளிய பிறகு இலைக்கக்கத்திலிருந்து கிளம்பும் பக்கக்கிளையைத் தொட்டுப் பாருங்கள், அதைவிடத் தடிப்பாக இருக்கும். பூக்கப்போவது அதுதான். என் மேசைக்கு வரும் வெளிறிய நாற்றுகளையும் நான் எறிவதில்லை. இரண்டாம் ஜோடி இலைக்கு மேல் கிள்ளி, வெளியே குளிரில் வைக்கிறேன். தண்டு அழுகாமல் இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள், பகலில் திறந்தவெளி, இரவில் மறைவு என்று பழக்குங்கள். பழகிய நாற்று லேசான உறைபனியையும் தாங்கும். பாத்தியில் முதலில் கம்பும் வலையும் கட்டிவிட்டுத்தான் நாற்று. பின்னால் கம்பு குத்தினால் வேரில்தான் குத்துவீர்கள். கொடி இரண்டு மீட்டர் வரை ஏறும். 20 முதல் 30 செ.மீ. இடைவெளியில், வேர்க்கட்டி உடையாமல் இறக்கி, மண்ணை அணைத்துத் தண்ணீர் விடுங்கள். நத்தை அன்றிரவே வரும்.

அதன்பின் இரண்டு வாரம் செடி அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். உரம் போடலாமா என்று என்னைக் கேட்பவர்கள் அந்த இரண்டு வாரத்தில்தான் அதிகம். வேண்டாம். வேர் கீழே போய்க்கொண்டிருக்கிறது. முதல் பற்றுக்கம்பி வலையைச் சுற்றிக்கொள்ளும் வரை பொறுங்கள்.